ஆல்ஸ்டன் ஆலையில் வைரஸ்: ஜென்சைமின் 2009 மருந்துத் தட்டுப்பாடு, ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜூன் நடுவில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்ஸ்டன் பகுதியில் இயங்கிய ஜென்சைம் நிறுவனத்தின் உயிரிமருந்து ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அங்கு தயாரான செரசைம், ஃபேப்ராசைம் என்ற இரண்டு மருந்துகளை நம்பி உலகெங்கும் சுமார் 8,000 நோயாளிகள் இருந்தார்கள். இரண்டு மருந்துகளின் மூலச்சரக்கும் அந்த ஓர் ஆலையில்தான் விளைந்தது. சில வாரங்களில் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்த தடங்கல், 2012 வரை நீண்டது. இடையில் நோயாளிகள் குறைந்த அளவு மருந்தில் காலம் தள்ளினார்கள், நிறுவனம் கைமாறியது.

செல் வளர்ப்பு நடக்கும் எந்த ஆலையிலும் வைரஸ் புகலாம். அதற்கு முன்பும் புகுந்திருக்கிறது, பின்பும் புகுந்திருக்கிறது. ஆல்ஸ்டனில் அது நோயாளியின் உடல்வரை போய்ச் சேர்ந்த பேரிடராக மாறியதற்கு, கிடங்கில் மருந்து இல்லாததும் முந்தைய ஆண்டின் எச்சரிக்கை விடை காணப்படாமல் கிடந்ததுமே காரணம் என்பது இந்த ஆய்வின் கருத்து. நோயாளிகள், ஊழியர்கள், நிர்வாகிகள் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி: நஞ்சுக்கொடியிலிருந்து செல் வளர்ப்புக்கு

ஜென்சைம் 1981ல் பாஸ்டனில் தொடங்கியது. முதலில் ஆய்வகங்களுக்கு நொதிகள் விற்கும் சிறு நிறுவனமாக இருந்த அதன் போக்கை மாற்றியது கௌச்சர் நோய். இந்த நோயில் குளுகோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி உடலில் போதிய அளவு வேலை செய்வதில்லை. அந்த நொதி உடைக்கவேண்டிய கொழுப்பு, மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்களில் தேங்குகிறது. மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. எலும்பு மஜ்ஜையில் இடம் அடைபட்டு இரத்தசோகை, தட்டணுக் குறைவு, கடுமையான எலும்பு வலி எல்லாம் வருகின்றன. எந்த நொதியின் குறைபாடு என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராஸ்கோ பிரேடியின் குழு 1960களின் நடுவில் கண்டறிந்தது.

இல்லாத நொதியை ஊசிவழி கொடுத்தால் போதும் என்ற எண்ணம் பலிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த நொதியை அப்படியே செலுத்தினால், அது போகவேண்டிய விழுங்கு செல்களுக்குப் போகாமல் பெரும்பாலும் கல்லீரலின் வேறு செல்களுக்குப் போனது. விழுங்கு செல்களின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. நொதியோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியை மூன்று வேறு நொதிகளால் வரிசையாகச் சீவினால், உள்ளே இருக்கும் மேனோஸ் வெளியே தெரியும். சயாலிக் அமிலம் முதலில், கேலக்டோஸ் அடுத்து, என்-அசெட்டில் குளுகோசமைன் கடைசியில். சீவிய நொதியை 12 நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனையில் மண்ணீரல் சுருங்கியது, இரத்த எண்ணிக்கைகள் ஏறின. 1991 ஏப்ரலில் செரிடேஸ் என்ற பெயரில் அது அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அரிய நோய் மருந்துகளுக்காக 1983ல் வந்த அமெரிக்கச் சட்டம், அதற்கு 7 ஆண்டு தனி விற்பனை உரிமை தந்தது.

ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்குச் சுமார் 20,000 நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. அந்த வழியில் நெடுநாள் போக முடியாது. 1994 மே மாதம் ஒப்புதல் பெற்ற செரசைம், அதே நொதியைச் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பை செல்களில் தயாரித்தது. தொழிலில் சி.எச்.ஓ. செல்கள் என்பார்கள். நஞ்சுக்கொடிச் சேகரிப்பு முடிவுக்கு வந்து, செல் வளர்ப்பு ஆலை அதன் இடத்தைப் பிடித்தது. சார்லஸ் ஆற்றங்கரையில் எழுந்த ஆல்ஸ்டன் ஆலை அதற்காகவே கட்டப்பட்டது.

பிறகு வந்தது ஃபேப்ராசைம். ஃபேப்ரி நோயில் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் ஏ என்ற நொதி இல்லாமல், இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் கொழுப்பு படிகிறது. கைகால் எரிச்சல் சிறுவயதிலேயே தொடங்கும். நடுவயதில் சிறுநீரகம் செயலிழக்கும், பக்கவாதம் வரும். ஃபேப்ராசைமுக்கு ஐரோப்பா 2001லும் அமெரிக்கா 2003லும் ஒப்புதல் அளித்தன.

2008ல் செரசைமின் விற்பனை 124 கோடி டாலர். அப்போது ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2 லட்சம் டாலர் செலவான மருந்து அது. உலகின் மிக விலை உயர்ந்த மருந்துகளில் ஒன்று ஒரே கட்டடத்தை நம்பி இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பணம் இல்லாததால் இரண்டாவது ஆலை இல்லாமல் போகவில்லை.

ஆலைக்குள் வேலை எப்படி நடந்தது

ஆல்ஸ்டனில் ஆறு பயோரியாக்டர்கள், அதாவது செல் வளர்க்கும் கலன்கள், இருந்தன. செல்கள் நுண்ணிய மணிகளின்மேல் ஒட்டி வளரும். புதிய வளர்ப்புத் திரவம் ஒரு பக்கம் விடாமல் உள்ளே போக, நொதி கலந்த திரவம் மறுபக்கம் வெளியே வந்துகொண்டிருக்கும். இந்தத் தொடர் ஓட்ட முறையில் ஒரு வளர்ப்பு மாதக்கணக்கில் ஓடும். சிறிய கலனில் நிறைய நொதி எடுக்கலாம், உடையக்கூடிய நொதி சூடான திரவத்தில் நெடுநேரம் தங்காது. இவை முறையின் பலன்கள்.

அபாயமும் அதிலேயே இருக்கிறது. ஒருமுறை நிரப்பி, இரு வாரத்தில் காலிசெய்யும் கலனில், மாசு கலந்த மூலப்பொருள் ஒரே ஒரு முறைதான் உள்ளே போக வாய்ப்பு. தொடர் ஓட்டக் கலனிலோ ஒவ்வொரு நாளும் புதுத் திரவம் போகிறது. அந்தத் திரவத்தின் எந்த ஒரு தொகுதியில் வைரஸ் இருந்தாலும், செழித்து வளர்ந்து நிற்கும் செல்கள் அதற்காகக் காத்திருக்கின்றன. புகுந்த வைரஸ் பெருகவும் பல வாரம் கிடைக்கிறது.

கலனிலிருந்து எடுத்த திரவம் பல படிகளில் தூய்மையாக்கப்படும். செரசைம் என்றால் சர்க்கரைச் சங்கிலி சீவப்படும். பிறகு குப்பியில் நிரப்பி உறைநிலையில் உலர்த்துவார்கள். நுண்ணுயிர் இல்லை என்று காட்டும் சோதனைக்கு மட்டும் 14 நாள் தேவை. செல் வங்கியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து உருக்கி, குடுவை, சிறு கலன், பெரிய கலன் என்று பெருக்கி, அறுவடை செய்து, நோயாளி கைக்கு மருந்து போக மாதங்கள் ஆகும். ஆலை மூடிய நாளுக்கும் மருந்து தீரும் நாளுக்கும் இடையில் கிடங்கில் இருப்பதுதான் ஒரே பாலம்.

கையிருப்பு எப்படிக் கரைந்தது

அந்தப் பாலம் 2009க்கு முன்பே மெலிந்திருந்தது. காரணம் மூன்றாவது மருந்து. போம்பே நோய் தசைகளைச் செயலிழக்கச் செய்வது, குழந்தைகளில் இதயத்தையும் தாக்குவது. அதற்கான மயோசைம் 2006ல் ஒப்புதல் பெற்றது. முதலில் 160 லிட்டர் கலன்களில் தயாரித்தார்கள். நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் தேவைப்பட்ட நொதியின் அளவும் மிக அதிகம். எனவே ஆல்ஸ்டனின் 2,000 லிட்டர் கலன்களில் மயோசைமையும் வளர்த்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. கலன் பெரிதானபோது நொதியோடு ஒட்டும் சர்க்கரைகள் சற்று மாறின. 160 லிட்டரிலும் 2,000 லிட்டரிலும் வருவது ஒரே மருந்து அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2008ல் முடிவு சொன்னது. பெரிய கலன் சரக்குக்குத் தனி விண்ணப்பம், தனிப் பெயர் வேண்டியதாயிற்று. லுமிசைம் என்ற அந்த மருந்து அமெரிக்க ஒப்புதல் பெற 2010 மே ஆயிற்று. இடைக்காலத்தில் அந்தச் சரக்கு மற்ற நாடுகளுக்குப் போனது. பெல்ஜியத்தின் கீல் நகரில் 4,000 லிட்டர் கலன்கள் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது 2009 பிப்ரவரியில்.

குழந்தைகள் இறந்துகொண்டிருக்கும் ஒரு நோய்க்கு மருந்து தர, ஆலையின் இடத்தைப் பகிர்ந்தது தவறு என்று சொல்ல முடியாது. அந்த முடிவின் விலை செரசைம், ஃபேப்ராசைம் கையிருப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும், அதை ஈடுசெய்ய வேறு ஆலை ஒப்புதலோடு தயாராக இல்லை என்பதும்தான் கவலைக்குரியவை.

2008: முதல் அறிகுறிகள்

2008ல் இரு முறை, ஒருமுறை ஆல்ஸ்டனிலும் ஒருமுறை கீலிலும், பயோரியாக்டரில் செல்களின் விளைச்சல் சரிந்தது. வழக்கமான சோதனைகள் செய்யப்பட்டன. அவை எதையும் காட்டவில்லை.

காட்டாததற்குக் காரணம் சோதனையின் அமைப்பிலேயே இருந்தது. வளர்ப்புத் திரவத்தில் வெளி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, அதைச் சில வகைச் செல்களின்மேல் இட்டு, 28 நாள்வரை வைத்து, செல்கள் சிதைகின்றனவா என்று கவனிப்பார்கள். அந்த அடையாளச் செல்களில் வளரும் வைரஸ்தான் அகப்படும். வளராத வைரஸ் ஆலைக் கலனில் கோடிக்கணக்கில் இருந்தாலும் சோதனை சுத்தம் என்றே சொல்லும். மரபுப் பொருளை நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனையும், இன்ன வைரஸ் என்று பெயர் சொல்லித் தேடினால்தான் பதில் தரும்.

விளைச்சல் குறைய வேறு காரணங்களும் உண்டு. மூலப்பொருளின் தரம் மாறலாம், கலனில் காற்றோட்டமோ அமிலத்தன்மையோ பிசகலாம், செல்களே களைத்துப்போகலாம். எனவே ஆய்வாளர்கள் உடனே வைரஸ் என்று முடிவுசெய்யாதது இயல்பு. ஆனால் இரண்டு நாடுகளில், இரண்டு வேறு கட்டடங்களில், ஒரே ஆண்டில், ஒரே வகைச் செல்லில் விளக்கமில்லாத சரிவு வந்திருக்கிறது. கட்டடங்கள் வேறு, ஊழியர்கள் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருக்கக்கூடியது உள்ளே போகும் மூலப்பொருள்.

2008 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் ஆல்ஸ்டனைப் பார்வையிட்டார்கள். 2009 பிப்ரவரி இறுதியில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நுண்ணுயிர்க் கண்காணிப்பு, கருவிப் பராமரிப்பு, தயாரிப்புக் கட்டுப்பாடு ஆகியவற்றில் குறைகள் சுட்டப்பட்டன. அவை தீரும்வரை லுமிசைம் ஒப்புதலும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஜூன் 2009: வைரஸ் அகப்படுகிறது

ஆறு கலன்களில் ஒன்றில் செல் வளர்ச்சி மீண்டும் தடுமாறியது. இம்முறை நிறுவனத்திடம் குறிப்பிட்ட வைரசைத் தேடும் புதிய சோதனை இருந்தது. அது வெசிவைரஸ் 2117 என்று காட்டியது. 2008ன் இரு சரிவுகளுக்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் முடிவுக்கு வந்தது.

இந்த வைரஸ் முற்றிலும் புதியதும் அல்ல. சி.எச்.ஓ. வளர்ப்பு ஒன்றில் அதைக் கண்டதாக 2003லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தது. கேலிசிவைரஸ் குடும்பம், ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; கொழுப்பு உறை இல்லாதது. உறை இல்லை என்பது நடைமுறையில் பெரிய விஷயம். உறையுள்ள வைரசைச் சோப்புத்தன்மையுள்ள கரைசலோ கரைப்பானோ உடைத்துவிடும். உறையற்றது அவற்றுக்கு மசியாது, காய்ந்த பரப்பிலும் நெடுநாள் தாங்கும். மனிதருக்கு நோய் உண்டாக்கியதாக இந்த வைரசைப் பற்றி எந்தச் சான்றும் இல்லை. அது செய்வது ஆலையின் செல்களைக் கொல்வது. புகுந்த வழி பெரும்பாலும் ஒரு மூலப்பொருள்தான் என்று நிறுவனம் கூறியது. இத்தகைய நிகழ்வுகளில் முதலில் சந்தேகிக்கப்படுவது வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் மாட்டுச் சீரம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜூன் 16 அன்று நிறுவனம் செய்தியை வெளியிட்டு, ஆலை முழுவதன் உற்பத்தியையும் நிறுத்தியது. ஒரு கலனில் மட்டும் அகப்பட்ட வைரசுக்கு ஆறையும் நிறுத்துவதா என்ற கேள்வி எழலாம். நிறுத்தியது சரியான முடிவு. திரவம் தயாரிக்கும் அறை, குழாய்கள், காற்று, ஊழியர்களின் நடமாட்டம் எல்லாம் பொதுவாக இருக்கும் ஆலையில், ஒரு கலனை மட்டும் சுத்தம் செய்தால் சில வாரத்தில் மற்றொன்று விழும். உறையற்ற வைரஸ் என்பதால் சாதாரணக் கழுவல் போதாது. கலனையும் குழாயையும் நீராவியால் சுத்திகரித்து, அறைகளின் சுவர், கூரை, காற்றுக்குழாய்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிகரணிகளால் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கலன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அடுத்தது பாதி வழியில் இருந்த சரக்கு. நொதித் திரவம் எடுக்கப்பட்டு, தூய்மையாக்கலின் பல படிகளில் நின்றிருந்தது. கொள்கையளவில் தூய்மைப் படிகள் வைரசை அகற்றும். ஆனால் இந்த வைரசை எவ்வளவு அகற்றும் என்பதற்கு அளந்து காட்டிய சான்று வேண்டும். தட்டுப்பாடு கண்முன் நிற்க, இருக்கும் சரக்கையும் இழப்பதா என்பது கொடிய தேர்வு. சரக்கின் ஒரு பகுதி பயன்படாது என்று கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. வெளியில் ஏற்கனவே போன குப்பிகளைத் திரும்பப் பெறவில்லை, அவற்றில் வைரஸ் காணப்படவில்லை.

மூன்றாவது முடிவு எஃப்.டி.ஏ. எடுத்தது. கௌச்சர் நோய்க்கு வேறு இரு நிறுவனங்கள் அப்போது நொதி மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தன. ஒன்று மனித செல் வரிசையில் தயாராகும் வெலாகுளுசெரேஸ், மற்றது கேரட் செல்களில் தயாராகும் டாலிகுளுசெரேஸ். ஒப்புதலுக்கு முன்பே இவற்றை நோயாளிகளுக்குத் தர வழிவகுக்கும் சிகிச்சைத் திட்டங்களுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. தட்டுப்பாட்டின் கடுமையைக் கணிசமாகத் தணித்தது இதுதான்.

ஆலை கிருமிநீக்கம் முடிந்து கோடையிலேயே மீண்டும் ஓடத் தொடங்கியது. புதிய செரசைம் வெளிவர ஆண்டின் கடைசி வாரங்கள் ஆயின.

மருந்தைப் பங்கிட்டது எப்படி

செரசைமின் முழு அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 60 அலகு, இரு வாரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 3,600 அலகு. 400 அலகுக் குப்பிகள் ஒன்பது. ஃபேப்ராசைம் கிலோவுக்கு 1 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 35 மில்லிகிராம் குப்பிகள் இரண்டு.

ஐரோப்பிய மருந்து முகமை 2009 ஜூனிலேயே முன்னுரிமை வரிசையை வெளியிட்டது. கைக்குழந்தைகள், சிறுவர், வளரிளம் பருவத்தினர், உயிருக்கு ஆபத்தான நிலையில் நோய் முற்றும் பெரியவர்கள் ஆகியோருக்கு முழு அளவு. நோய் அடங்கியிருக்கும் பெரியவர்களுக்குக் குறைந்த அளவு, அல்லது ஊசிகளுக்கிடையே நீண்ட இடைவெளி. ஃபேப்ராசைமில் குறைந்த அளவு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்று வைக்கப்பட்டது. மேலே சொன்ன 70 கிலோ நோயாளிக்கு அது 21 மில்லிகிராம், ஒரு குப்பிகூட முழுதாக இல்லை.

இந்த 0.3க்குச் சிறிதளவு ஆதாரம் இருந்தது. முழு அளவில் சில மாதம் மருந்து பெற்றபின் குறைத்தாலும், சிலருக்குத் திசுக்களில் கொழுப்பு மீண்டும் சேரவில்லை என்று ஒரு சிறு ஆய்வு காட்டியிருந்தது. எல்லோருக்கும் அது பொருந்துமா, ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பதற்கு விடை இல்லாமலேயே பின்பற்ற வேண்டியதாயிற்று.

விளைவு இரு நோய்களிலும் வேறு வேறாக வந்தது. கௌச்சர் நோயாளிகள் பலர், நெடுங்காலம் சிகிச்சை பெற்று நோய் அடங்கியிருந்ததால், சில மாதக் குறைவைத் தாங்கினார்கள். சிலருக்குத் தட்டணுக்கள் குறைந்தன, எலும்பு வலி திரும்பியது. மாற்று மருந்துகளும் அவர்களுக்குக் கிடைத்தன. ஃபேப்ரி நோயாளிகளுக்கு, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வேறு நொதி மருந்து ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவில் ரெப்லகால் என்ற மாற்று மருந்து இருந்தது. குறைந்த அளவில் இருந்தவர்களிடம் முதலில் வலி கூடியது. பிறகு இதயம், சிறுநீரகம், மூளை சார்ந்த சம்பவங்களின் பதிவுகள் பெருகின. அந்தப் பதிவுகளைப் பார்த்த ஐரோப்பிய முகமை, 2010ல் குறைந்த அளவுப் பரிந்துரையைக் கைவிட்டு, முழு அளவுக்குத் திரும்பச் சொன்னது.

2010 ஆகஸ்டில் ஃபேப்ரி நோயாளிகள் சிலர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்திடம் மனு கொடுத்தார்கள். அந்த நொதியின் கண்டுபிடிப்புக்கு அரசு ஆய்வு நிதி உதவியிருந்தது. அரசு நிதியில் விளைந்த காப்புரிமையை, மக்கள் நலன் கருதிப் பிறருக்கும் உரிமம் தர அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள் என்பதே கோரிக்கை. டிசம்பரில் மனு மறுக்கப்பட்டது. உரிமம் கொடுத்தாலும், புதிய தயாரிப்பாளர் ஆலை அமைத்து, சோதித்து, ஒப்புதல் பெறுவதற்குள் தட்டுப்பாடே தீர்ந்துவிடும் என்பது மறுப்பின் சாரம். அந்தக் காரணம் உண்மைதான். உயிரிமருந்தில் காப்புரிமையைத் திறப்பதால் மட்டும் மருந்து வந்துவிடாது என்பதை, உடல் நலிந்த மனுதாரர்கள் மிகக் கடினமான வழியில் அறிய நேர்ந்தது.

துகள்கள், மின்தடை, நீதிமன்ற ஆணை

வைரஸ் போனபின்பும் ஆலை நிமிரவில்லை. 2009 நவம்பரில் வேறொரு குறை வெளிவந்தது. ஆல்ஸ்டனில் நிரப்பிய சில குப்பிகளில் நுண்துகள்கள் காணப்பட்டன. எஃகுத் துணுக்கு, குப்பி அடைப்பானின் ரப்பர், நார் போன்ற பொருள். நிரப்பும் வரிசையின் தேய்மானத்திலும் பராமரிப்புக் குறைவிலும் வரக்கூடியவை இவை. மாற்று இல்லாத மருந்துகள் என்பதால் எஃப்.டி.ஏ. அவற்றைச் சந்தையிலிருந்து நீக்கவில்லை. குப்பியை வெளிச்சத்தில் நன்கு பார்த்தபின் பயன்படுத்துமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. சாதாரண மருந்தாக இருந்தால் அந்தத் தொகுதிகள் குப்பைக்குப் போயிருக்கும்.

2010 மார்ச்சில் நகர மின்சாரம் தடைப்பட்டது. ஆலையின் நீர் அமைப்பில் ஏற்கனவே இருந்த கோளாறும் சேர்ந்துகொள்ள, உற்பத்தி மீண்டும் நின்றது. ஊசிமருந்துக்கான தூயநீர் நின்றால் திரவம் தயாரிப்பது முதல் கலன் கழுவுவதுவரை எல்லாம் நிற்கும். கையிருப்பு உள்ள ஆலையில் இது ஒரு குறிப்பேட்டுப் பதிவாகக் கடந்திருக்கும். இங்கே செரசைம் நோயாளிகள் பாதி அளவில் இன்னும் பல வாரங்கள் தொடர வேண்டியதாயிற்று.

2010 மே 24 அன்று நிறுவனம் எஃப்.டி.ஏ.வுடன் நீதிமன்ற ஒப்புதல் ஆணையில் கையெழுத்திட்டது. முந்தைய லாபத்திலிருந்து 17.5 கோடி டாலரை அரசுக்குச் செலுத்த வேண்டும். குப்பி நிரப்பும் வேலை ஆல்ஸ்டனைவிட்டு முழுதும் வெளியேற வேண்டும். மீதி வேலை, வெளி வல்லுநரின் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கான திருத்தத் திட்டப்படி நடக்க வேண்டும். நிரப்பும் வேலையை வெளியேற்றும் கெடு தவறினால் சம்பந்தப்பட்ட விற்பனையில் 18.5 சதவீதம் அரசுக்குப் போகும். நிரப்பும் பணி அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்கும் மாறியது.

என்ன ஆயிற்று

செரசைம் விற்பனை 2008ன் 124 கோடி டாலரிலிருந்து 2009ல் 79 கோடிக்குச் சரிந்தது. வெலாகுளுசெரேஸ் 2010 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது, டாலிகுளுசெரேஸ் 2012 மே மாதம். சிகிச்சைத் திட்டங்களின் வழியே மாறியவர்களில் பலர் திரும்பி வரவில்லை. பங்கு விலை வீழ்ந்தபோது முதலீட்டாளர்கள் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டு வந்தார்கள். பிரான்ஸின் மருந்து நிறுவனமான சனோஃபி 2010ல் ஒரு பங்குக்கு 69 டாலர் தர முன்வந்து, 2011 பிப்ரவரியில் 74 டாலருக்கு, மொத்தம் 2,010 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்த ஏப்ரலில் ஜென்சைம் தனி நிறுவனமாக இருப்பது முடிந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. 2011ல் செரசைம் 734,600 குப்பியும் ஃபேப்ராசைம் 79,000 குப்பியும் தயாரானால், பங்குதாரருக்கு ஒரு பங்குக்கு மேலும் 1 டாலர். அந்த இலக்கு எட்டப்படவில்லை. விலையைத் தீர்மானிக்கும் பேச்சில் காப்புரிமையோடும் புதிய மருந்துகளோடும் ஒரு கட்டடத்தின் குப்பி எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது இதில் தெரிகிறது.

ஃபிராமிங்ஹாமில் கட்டிய புதிய ஆலைக்கு ஃபேப்ராசைம் தயாரிக்க 2012 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின்பே ஃபேப்ரி நோயாளிகள் பரவலாக முழு அளவுக்குத் திரும்பினார்கள்.

மாற வேண்டியவை

முதலாவது, விளக்கமில்லாத சரிவைக் கோப்பில் மூடக்கூடாது. செல் வளர்ச்சி குறைந்து, அறியப்பட்ட சோதனைகள் எல்லாம் சுத்தம் என்றால், அந்தக் கலனின் திரவத்தை உறையவைத்து வைத்திருந்து, பெயர் தெரியாத வைரசையும் காட்டும் முறையில் தேட வேண்டும். 2008ல் அத்தகைய முறை அரிது. இன்று மாதிரியில் உள்ள மரபுப் பொருள் அனைத்தையும் படிக்கும் வரிசைப்படுத்தல் முறை கைக்கு எட்டுகிறது. உயிரிமருந்துகளின் வைரஸ் பாதுகாப்புக்கான சர்வதேச வழிகாட்டி ஐ.சி.எச். கியூ5ஏ, 2023ல் வந்த திருத்தத்தில் அதை ஏற்றுள்ளது. சந்தேகத்துக்குரிய மூலப்பொருள் தொகுதியின் மாதிரியையும் வைத்திருக்காவிட்டால், புகுந்த வழி ஊகமாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, மூலப்பொருள். சீரம் இல்லாத வளர்ப்புத் திரவத்துக்கு மாறுவதே உறுதியான வழி. பழைய மருந்தில் அப்படி மாற்றுவது, நொதியின் சர்க்கரைகளை மாற்றக்கூடும், புதிதாக ஒப்புதல் தேவைப்படும். மயோசைம் கலன் மாற்றம் காட்டியது போல, இது எளிய காரியம் அல்ல. மாற்ற முடியாவிட்டால், சீரத்தைக் காமா கதிரால் சுத்திகரிக்கலாம். மிகச் சிறிய, உறையற்ற சில வைரஸ்கள் அதையும் தாங்கும் என்பதை மறக்கக்கூடாது. மற்றத் திரவங்களை 100 டிகிரிக்குச் சற்றுமேல் சில வினாடி சூடாக்கி உடனே குளிரவைக்கலாம், அல்லது 20 நானோமீட்டர் வடிகட்டி வழியே அனுப்பலாம். வடிகட்டி விலை அதிகம், சீக்கிரம் அடைக்கும். சூடாக்கினால் சில ஊட்டப்பொருட்கள் படிந்துவிடும், அதற்கேற்பத் திரவத்தின் சேர்மானத்தைச் சரிசெய்ய வேண்டும். ஜென்சைமுக்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், மற்றொரு பெரிய நிறுவனத்தின் சி.எச்.ஓ. கலன்களில் எலியின் நுண்ணிய பார்வோவைரஸ் புகுந்தபின் அங்கே இந்தச் சூடாக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அந்த அனுபவம் அச்சில் வெளிவந்தும், பிற ஆலைகளில் அது பரவலான வழக்கமாகவில்லை.

மூன்றாவது, அறுவடையைத் தூய்மைப் பகுதிக்கு அனுப்புமுன் வைரஸ் சோதனை. பி.சி.ஆர். விடை சில மணி நேரத்தில் வரும். அது வரும்வரை திரவம் காத்திருந்தால், மாசு கலன் அறையோடு நிற்கும். காத்திருக்காமல் அனுப்பிக் கலந்துவிட்டால் பல வாரச் சரக்கு சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நான்காவது, பதிவுகளைப் பகிர்தல். மாசு நேர்ந்த நிறுவனங்கள் வழக்கமாக வாய் திறப்பதில்லை. 2010ல் எம்.ஐ.டி.யில் அமைந்த கூட்டமைப்பு, நிறுவனப் பெயரை மறைத்து அனுபவங்களைத் திரட்டத் தொடங்கியது. 2020ல் அது வெளியிட்ட தொகுப்பில், 1985 முதல் நேர்ந்த 26 வைரஸ் மாசு நிகழ்வுகள் இருந்தன. வெசிவைரஸ் 2117 பற்றிய 2003 கட்டுரையை ஆலைகளின் வழக்கமான பி.சி.ஆர். பட்டியலில் யாராவது சேர்த்திருந்தால், 2008ன் முதல் சரிவிலேயே பதில் கிடைத்திருக்கும்.

ஐந்தாவது கையிருப்பு. மாற்று இல்லாத மருந்துக்கு, ஆலை திடீரென நின்றால் கிருமிநீக்கம், புதிய வளர்ப்பு, அறுவடை, தூய்மை, நிரப்பல், சோதனை முடியும்வரை தாங்கும் அளவு சரக்கு வேண்டும். ஆல்ஸ்டன் அளவுகோலில் அது ஆறு மாதம். அந்தச் சரக்கும் ஆலையும் ஒரே கட்டடத்தில் இருக்கக்கூடாது. இரண்டாவது ஆலையை, தேவை வருமுன் ஒப்புதலோடு நிறுத்திவைக்க வேண்டும். புதிய மருந்துக்கு இடம் கொடுக்கும் ஒவ்வொரு முடிவிலும், பழைய மருந்தின் கையிருப்பு எத்தனை வாரத்துக்குக் குறைகிறது என்று எழுதி, தலைமை நிர்வாகி கையெழுத்திட வேண்டும்.

ஆறாவது, பங்கீட்டுத் திட்டம். யாருக்கு முழு அளவு, யாருக்குக் குறைவு, எந்த அறிகுறி வந்தால் உடனே முழு அளவுக்குத் திரும்புவது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சிறுநீரகச் செயல்பாடும் தட்டணுவும் பார்ப்பது என்பவற்றை, மருத்துவர்களும் நோயாளி அமைப்புகளும் சேர்ந்து தட்டுப்பாடு வருமுன் எழுதிவைக்க வேண்டும். ஃபேப்ரி நோயாளிகளின் உடல்நிலை மோசமடைவதை ஐரோப்பா பதிவுகளில் கண்டு பரிந்துரையை மாற்ற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அளவைக் குறைத்த அதே நாளில் தனிப் பதிவேடு ஒன்று திறந்திருந்தால், அந்த இடைவெளி சில மாதங்களாகச் சுருங்கியிருக்கும்.